பன்றியின் குலமரமும் மூன்று பற்களும்

விலங்கியல் ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டவளுக்கு விளக்கப்படங்கள் மேல் ஒரு சபலம் இருக்கத்தான் செய்யும். சுருளைப் பிரித்து, நான்கு மூலைகளிலும் கனமான புத்தகங்களை வைத்து நிமிர்த்தி, முதலில் பிழை தேடுவேன். அழகு பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பழக்கத்தால் நான் வாங்கிய படங்களில் பாதி பீரோவின் மேல் சுருண்டே கிடக்கின்றன. இப்போது எழுதப்போவது, சுவரிலேயே தங்கிவிட்ட ஒரு படத்தைப் பற்றி. நல்ல படம் என்பதால் அது தங்கவில்லை.

வளர்ப்புப் பன்றி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் கற்பித்தல் தொகுப்பு இது. பன்றியின் குலமரத்தை வரைந்த ஆள் உயரச் சுவர்ப்படம் ஒன்று, 48 பக்கக் கையேடு ஒன்று, பிசினில் வார்த்த கடைவாய்ப் பற்கள் மூன்று. தயாரித்தவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறையச் சொல்லவிருக்கிறேன். தமிழில் இப்படியொன்றைச் செய்யத் துணிந்தவர்களை ஊர் கூட்டித் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. தேடுகிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

படத்தின் தாள் தடிமனானது, கிழியாது. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் பளபளப்பு உறை கண்ணைக் கூசவைக்கிறது. சன்னலுக்கு எதிரே மாட்டினால் காலை பத்து மணிக்கு மேல் ஐரோப்பா முழுவதும் வெளிச்சத்தில் மறைந்துபோகும். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு இனப் பெயர்கள் எறும்பு வரிசையாகத்தான் தெரிகின்றன. ஓவியங்கள் பரவாயில்லை. காட்டுப்பன்றிக் குட்டியின் முதுகுக் கோடுகளைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். பிடரி மயிரும் நீண்ட மூஞ்சியும் அசல். டியூராக் பன்றியின் செம்பழுப்பு நிறம் மட்டும் செங்கல் பொடி பூசியதைப் போல இருக்கிறது.

பற்களுக்கு வருகிறேன். பற்களுக்காக மட்டுமே இந்தத் தொகுப்பை இரண்டு முறை வாங்குவேன்.

மூன்றுமே கீழ்த்தாடையின் மூன்றாம் கடைவாய்ப் பல். ஒன்று காட்டுப்பன்றியுடையது, ஒன்று தொடக்ககால வளர்ப்புப் பன்றியுடையது, ஒன்று இன்றைய பண்ணை இனத்துடையது. என் அளவுகோலில் முறையே 43, 38, 31 மில்லிமீட்டர். எண்களைப் பலகையில் எழுதினால் யாரும் அசைவதில்லை. அதே பற்களை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவிப் பார்த்தவுடன் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. பல்லின் பின்பக்கம் நீண்டிருக்கும் அந்தக் கடைசி மேடு, ஒவ்வொரு பல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே வருவதைக் கண்ணை மூடிக்கொண்டே உணரலாம்.

பல்லை ஏன் பார்க்க வேண்டும் என்பதைக் கையேடு நன்றாக விளக்குகிறது. உடம்பு பெருப்பதும் சிறுப்பதும் தீனியைப் பொறுத்தது. ஒரு தலைமுறையிலேயே மாறிவிடும். பல் அப்படிப்பட்டதல்ல. முளைத்துவிட்டால் அதன் நீள அகலம் மாறாது, தேய மட்டுமே செய்யும். எலும்பு உளுத்துப்போன மண்ணிலும் பல் மிஞ்சும். துருக்கியின் தென்கிழக்கில், டைகிரிஸ் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சாயோனு என்ற அகழாய்விடத்தில், அடுக்கடுக்காகக் கிடைத்த பன்றிப் பற்களை அளந்தபோது ஒரு நாளில் காடு முடிந்து வீடு தொடங்கியதாகத் தெரியவில்லை. நூற்றாண்டுகள் நெடுக மெதுவாகச் சிறுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. எந்த அடுக்கில் கோடு போட்டு ‘இதுவரை காட்டுப்பன்றி, இனி வளர்ப்புப் பன்றி’ என்பது? போட முடியாது. பற்களை வரிசையாக வைத்துவிட்டு இந்தக் கேள்வியை நான் கேட்பேன். மாணவர்கள் சண்டை போடுவார்கள். அரை மணி நேரம் நான் வாயே திறக்க வேண்டியிருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முதலில் வந்த பெட்டியில் காட்டுப்பன்றிப் பல்லே இரண்டு இருந்தன, பண்ணை இனத்தின் பல் இல்லை. ஒன்றின் மேல் ‘இன்றைய பண்ணை இனம்’ என்று சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. எழுதிக் கேட்டேன். ‘இரண்டும் வேறு வேறு பற்கள்தாம், உற்றுப் பாருங்கள்’ என்று பதில் வந்தது. உற்றுப் பார்த்து, இரண்டையும் அளவுகோலோடு படம் எடுத்து அனுப்பினேன். ஒன்பது நாளில் சரியான பல் வந்து சேர்ந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. போகட்டும், மாற்று நேரத்துக்கு வந்தது. தவறான பல்லைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதால் இப்போது என்னிடம் நான்கு பற்கள் இருக்கின்றன.

கையேடு டார்வினில் தொடங்குகிறது. ஹெர்மன் வான் நத்தூசியஸ் என்ற ஜெர்மானியர் பன்றி மண்டையோடுகளை அளந்து, வளர்ப்புப் பன்றிகளில் ஐரோப்பியக் காட்டுப்பன்றியை ஒத்தது ஒரு கூட்டம், கீழையாசிய வகை இன்னொரு கூட்டம் என்று பிரித்தார். டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் அதை எடுத்துக்கொண்டு பேசினார். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் எலும்பை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பதை இரண்டே பக்கத்தில் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த பக்கத்திலேயே எனக்குக் கோபம் வந்தது. ‘வீட்டுமயமாக்கல்’ என்று ஒரு சொல். யார் யாரை எந்த வீட்டுக்குள் மயமாக்கினார்கள்? பழக்குதல் என்ற சொல் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது இந்தக் கட்டடம் எதற்கு? இது வெறும் சொற்சண்டை இல்லை. தமிழில் பழகுவது வேறு, பழக்குவது வேறு. பன்றியின் கதையில் இந்த வேறுபாடுதான் உயிர். முதலில் பன்றி பழகியது. மனிதர்கள் ஓரிடத்தில் தங்கிக் குப்பை சேரத் தொடங்கியதும், பயம் குறைந்த காட்டுப்பன்றிகள் அந்தக் குப்பைமேட்டைத் தேடி வந்திருக்கும்; வந்தவற்றில் அடங்கிப்போனவை அங்கேயே சுற்றியிருக்கும் என்பது இன்று தொல்விலங்கியலாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். அழைக்காமல் வந்த விருந்தாளி. மனிதர்கள் பழக்கத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. படத்தின் நடுவிலோ, இடுப்பில் தோலாடை கட்டிய ஒருவர் கயிற்றில் பன்றியை இழுத்துக்கொண்டு போகிறார். அந்த ஆளை நான் ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டேன்.

சைப்ரஸ் தீவைக் கையேடு ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அதற்கு ஒரு பக்கமாவது தந்திருக்கலாம். அங்கே இயற்கையில் பன்றி கிடையாது. இருந்தும் 11,400 ஆண்டுகளுக்கும் முந்தைய பன்றி எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கடல் கடந்து மனிதர்கள் கொண்டுபோனவை. அப்போது அவை இன்னும் காட்டுப்பன்றிகளே. பழக்குவதற்கு முன்பே படகில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு தீவில் விட்டிருக்கிறார்கள். பழகுவதற்கும் பழக்குவதற்கும் நடுவே இப்படியும் ஒரு நிலை இருந்திருக்கிறது.

இனி குலமரம். படத்தின் அடியில் ஒரு தண்டு: தென்கிழக்காசியத் தீவுகளின் பக்கம் தோன்றிய காட்டுப்பன்றி. தண்டு இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை சிவப்பு, ஆசியா. இடது கிளை நீலம், மேற்கு. பிரிந்த இடத்தில் ‘5 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்’ என்று எழுதியிருக்கிறது. இது 2000-ஆம் ஆண்டு ஆய்வில் வந்த கணக்கு. 2012 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் பன்றியின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது அந்தப் பிரிவு ஏறக்குறைய 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று ஆகிவிட்டது. கையேட்டின் 14-ஆம் பக்கத்தில் இந்தப் புதிய எண்ணே இருக்கிறது. கையேடு எழுதியவரும் படம் வரைந்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை போலும்.

சிவப்புக் கிளையில் சீனாவின் ஜியாஹு இருக்கிறது. ஹெனான் மாகாணத்தில் உள்ள இந்த இடத்தின் பற்கள், ஏறக்குறைய 8,600 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வளர்ப்புப் பன்றி இருந்ததைக் காட்டுகின்றன. நீலக் கிளையில் மேற்காசியா. அங்கே பழக்குவது தொடங்கியது சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன். இரண்டு இடத்திலும் தனித்தனியாக நடந்தது, ஒன்று மற்றொன்றிடம் கற்கவில்லை. இதுவரை சரி. நீலக் கிளையிலிருந்து சின்னதாக ஒரு கொம்பு ‘மேற்காசியப் பன்றிகள்’ என்று புறப்பட்டு, ஐரோப்பாவுக்குள் நுழைந்து, ஒரு விரல் நீளம் போய், அங்கேயே மொட்டையாக நின்றுவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் ‘ஐரோப்பியப் பன்றிகள்’ என்று தடித்த கிளை தன்பாட்டில் மேலே போகிறது.

படத்தை மாட்டிய இரண்டாம் நாள், எப்போதும் கதவோரம் உட்காரும் ஒரு மாணவி எழுந்து வந்து அந்த மொட்டைக் கொம்பின் மேல் விரலை வைத்தாள். “மேடம், இந்தப் பன்றிகள் எல்லாம் என்ன ஆயின? செத்துப்போய்விட்டனவா?”

படத்தில் விடை இல்லை. கையேட்டைப் புரட்டினேன், அதிலும் இல்லை. இந்தத் தொகுப்பின் மேல் எனக்குள்ள முதல் மனத்தாங்கல் அந்தக் கொம்புதான். பன்றியின் வரலாற்றிலேயே சுவையான பகுதி அங்கே இருக்கிறது. இவர்கள் அதை வெட்டிவிட்டு ஓரத்தில் மை தடவியிருக்கிறார்கள்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிலிருந்து உழவர்கள் ஐரோப்பாவுக்குப் போனபோது பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆடும் மாடும் கூடவே போயின. ஆட்டுக்கு ஐரோப்பியக் காட்டில் உறவு இல்லை. பன்றிக்கு இருந்தது, அதுவும் வேலிக்கு அப்பாலேயே. மேயவிட்ட பன்றிகளும் காட்டுப்பன்றிகளும் கலந்தன. கிரெகர் லார்சனும் மற்றவர்களும் 2007-இல் பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தபோது, மேற்காசியத் தாய்வழி அடையாளம் ஐரோப்பாவுக்குள் வந்து, சில ஆயிரம் ஆண்டுகளில் காணாமல்போவதைக் கண்டார்கள். அப்போது இரண்டு விளக்கங்கள் சாத்தியமாக இருந்தன. ஒன்று, ஐரோப்பியர்கள் தங்கள் காட்டுப்பன்றியைத் தனியாகப் பழக்கி, வந்தவற்றைக் கைவிட்டிருக்கலாம். இரண்டாவது, வந்த பன்றியே கலப்பில் கரைந்திருக்கலாம்.

படம் முதல் விளக்கத்தோடு நின்றுவிட்டது. 2019-இல் லோரன் ஃபிரான்ட்ஸ் குழுவினர் 2,099 பன்றிகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் (உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே இருப்பது), பழங்காலப் பன்றிகள் 63-இன், பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுத்தொகுதிகளையும் வைத்து முடிச்சை அவிழ்த்தார்கள். 7,100 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய வளர்ப்புப் பன்றிகளில் மேற்காசிய வழியும் ஐரோப்பிய வழியும் கலந்தே இருந்தன. அதற்குப் பிந்தையவற்றில் மேற்காசியப் பங்கு 4 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஆகவே ஐரோப்பாவில் தனியாகப் பழக்கவில்லை. வந்த பன்றிதான் தொடர்ந்தது. அதன் உள்ளே இருந்தது மட்டும் ஏறக்குறைய முழுவதும் மாறிவிட்டது.

“அப்படியென்றால் அது அதே பன்றியா, வேறு பன்றியா?” என்றாள். பதில் சொல்லாமல் கணக்குப் போடச் சொன்னேன். முழு மேற்காசியப் பன்றி ஒன்று காட்டுப்பன்றியோடு சேர்ந்தால் குட்டியில் பாதி. அந்தக் குட்டி மீண்டும் காட்டுப்பன்றியோடு சேர்ந்தால் கால். பிறகு அரைக்கால், பிறகு மாகாணி, ஐந்தாவது முறையில் அரைமாகாணி. அதாவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு, 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஐந்தே கலப்பு! உண்மையில் இது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இழுத்தது, ஒவ்வொரு தலைமுறையிலும் நடந்ததில்லை. ஆனாலும் ஐந்து தாவலில் ஒரு பரம்பரை இவ்வளவு தேயும் என்பதைக் கண்ணால் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பழைய பின்னப் பெயர்களைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள், அது வேறு கதை.

அந்த மிச்சத்திலும் ஒரு பொருள் தங்கியிருக்கிறது: கறுப்பு மயிர். கறுப்பு நிறத்துக்கான ஒரு மரபணு வடிவம் மேற்காசியாவில் தோன்றி, இத்தனை கலப்பையும் தாண்டி ஐரோப்பியப் பன்றிகளில் நிலைத்திருக்கிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. வீடும் நிலமும் கைமாறிப்போன குடும்பத்தில் பாட்டியின் மூக்குத்தி மட்டும் பேத்திக்கு வந்து சேர்வதுபோல. யாரோ அந்த நிறத்தை விரும்பி, அந்தக் குட்டியை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். பழக்கத் தொடங்கிய முதல் 2,500 ஆண்டுகளில் மேற்காசிய உழவர்கள் பொறுக்கியெடுத்த மற்றவை பெரும்பாலும் இன்றைய ஐரோப்பியப் பன்றியில் இல்லை.

படம் தவறியதற்குக் காரணமும் தெரிகிறது. முழுக்க முழுக்க மைட்டோகாண்ட்ரியாவை நம்பி வரைந்திருக்கிறார்கள். அது தாய் வழியாக மட்டுமே இறங்குவது. இரவில் வேலி தாண்டி வந்துபோகும் காட்டு ஆண் பன்றி, குட்டிகளின் உட்கருவில் பாதியைத் தந்துவிட்டுப் போகும். மைட்டோகாண்ட்ரியாவில் அதன் சுவடே இருக்காது. தாய்வழியை மட்டும் பின்தொடர்ந்தால் கோடுகள் பிரியுமே தவிர ஒன்றுசேரா. மரம் அழகாக வளரும். உண்மை அவ்வளவு அழகாக இல்லை.

இதே குற்றம் படத்தின் உச்சியிலும் உண்டு. அங்கே லார்ஜ் ஒயிட் என்ற பண்ணை இனப் பன்றி நீலக் கிளையின் நுனியில், சொட்டுச் சிவப்பும் இல்லாமல் நிற்கிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சீனப் பன்றிகளைக் கப்பலில் இறக்கி, பிரிட்டனின் பன்றிகளோடு சேர்த்தார்கள். சீக்கிரம் கொழுப்பது, ஒரு ஈற்றில் நிறையக் குட்டி போடுவது, இரண்டும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இன்றைய ஐரோப்பிய வணிக இனங்களின் மரபணுத்தொகுதியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல்வரை ஆசியாவிலிருந்து வந்தது. லார்ஜ் ஒயிட் பன்றிகள் சிலவற்றின் தாய்வழியே ஆசியத் தாய்வழிதான். அதாவது இவர்கள் நம்பிய மைட்டோகாண்ட்ரியாவைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. 10 இலட்சம் ஆண்டுகள் பிரிந்திருந்த இரண்டு கிளைகளை மனிதர்கள் இருநூறு ஆண்டுகளில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மரத்தில் கிளைகள் இப்படிச் சேருமா?

கையேட்டின் 19-ஆம் பக்கத்தில் ‘எல்லாப் பன்றிகளுக்கும் 38 குரோமோசோம்கள்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தேர்வுக்கு எழுத வசதியான வாக்கியம், தவறான வாக்கியம். வளர்ப்புப் பன்றிக்கு 38. மேற்கு ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் பலவற்றுக்கு 36. 15-ஆவதும் 17-ஆவதும் ஒன்றாக ஒட்டிக்கொண்டதால். இரண்டும் சேர்ந்தால் 37 உள்ள குட்டி பிறக்கும், அது வளர்ந்து இனப்பெருக்கமும் செய்யும். குதிரையையும் கழுதையையும் சேர்த்தால் பிறக்கும் கோவேறு கழுதை மலடு என்று படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் இந்தச் செய்தியை வைத்திருந்தால், எண் வேறாக இருந்தும் கலப்பு ஏன் நிற்கவில்லை என்பது ஒரே வரியில் விளங்கியிருக்கும்.

பாராட்ட வேண்டிய பக்கமும் இருக்கிறது: 27, 28. எம்.சி.1ஆர். என்ற நிற மரபணுவைப் பற்றியது. லெய்ஃப் ஆண்டர்சன் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடிப்படை. காட்டுப்பன்றிகளிலும் இந்த மரபணுவின் டி.என்.ஏ. எழுத்துகள் மாறியிருக்கின்றன. ஆனால் மாறியவை எல்லாம் புரதத்தைத் தொடாத மாற்றங்கள். நிறம் பழைய பழுப்பாகவே இருக்கும். காட்டில் வேறு நிறத்தில் பிறந்த குட்டி வேட்டையாடும் விலங்கின் கண்ணில் முதலில் படும், அதன் வழி அங்கேயே முடிந்துவிடும். வளர்ப்புப் பன்றிகளில் தலைகீழ். மாற்றங்கள் அனேகமாக எல்லாமே புரதத்தை மாற்றி நிறத்தை மாற்றியவை. அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. தற்செயலாக இப்படி நேராது. மனிதர்கள் கறுப்பையும் சிவப்பையும் புள்ளியையும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். இந்த விளக்கத்தை எழுதியவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். வாக்கியம் ஒவ்வொன்றும் தெளிவு. வெள்ளை நிறத்துக்குக் காரணமான ‘கிட்’ மரபணு இரட்டித்த கதை, காட்டுப்பன்றியின் மார்பு, இடுப்பு முள்ளெலும்புகள் 19 ஆக இருக்க, வணிக இனங்களில் 21 முதல் 23 வரை நீண்டது எல்லாம் அடுத்த பக்கங்களில் விரைவாக வந்துபோகின்றன. முள்ளெலும்பை எண்ணிப் பார்க்க ஒரு படம் போட்டிருக்கலாம்.

தீவுகளுக்கு அரைப் பக்கம். சுலவேசித் தீவின், முகத்தில் மரு உள்ள மருப்பன்றி தனி இனம், மனிதர்கள் அதையும் பழக்கி அண்டைத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள் என்கிற தகவல் இருக்கிறது. அதே தீவின் குகையொன்றில் குறைந்தது 45,500 ஆண்டுகள் பழமையான பன்றி ஓவியம் இருப்பதைச் சொல்லவில்லை. பன்றியைப் பழக்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறார்கள்.

இவ்வளவு குறையுள்ள படம் ஏன் இன்னும் சுவரில் இருக்கிறது? அந்த மாணவி அடுத்த வாரம் ஒரு நூல்கண்டும் குண்டூசி டப்பாவும் கொண்டுவந்தாள். மொட்டைக் கொம்பின் நுனியிலிருந்து ஐரோப்பியக் கிளைக்கு ஒரு கறுப்பு நூல் கட்டினாள். சிவப்புக் கிளையிலிருந்து லார்ஜ் ஒயிட்டுக்கு இன்னொன்று. ஐரோப்பியப் பன்றிகள் பின்னாளில் மேற்காசியாவுக்கே திரும்பிப் போனதும் டி.என்.ஏ.வில் பதிவாகியிருக்கிறது என்று நான் சொன்னதும், எதிர்த்திசையில் ஒன்று. வேறொரு மாணவன் ஃபுகுஷிமாவைச் சேர்த்தான். 2011 அணு உலை விபத்தில் மக்கள் வெளியேறியபோது பண்ணைகளிலிருந்து தப்பிய பன்றிகள் காட்டுப்பன்றிகளோடு கலந்தன. 2021-இல் வெளிவந்த ஆய்வில், அந்தப் பண்ணை மரபணுக்கள் நாளாக ஆகத் தேய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்தது நம் கண்முன் நடக்கிறது. அதற்கு மஞ்சள் நூல். பளபளப்பு உறை குண்டூசிக்கு எளிதில் வழிவிடவில்லை, இரண்டு விரல்களில் ரத்தம் வந்தது. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போனதில் கண்கூச்சமும் பாதி குறைந்துவிட்டது.

என் மதிப்பெண்: பற்களுக்கு ஐந்துக்கு ஐந்து. கையேட்டுக்கு மூன்று, 19-ஆம் பக்கத்தைத் திருத்தி, அந்த வீட்டுமயத்தை எடுத்துவிட்டால் நான்கு. படத்துக்கு ஒன்றரை, அந்த அரை மதிப்பெண் காட்டுப்பன்றிக் குட்டியின் கோடுகளுக்காக. கற்பிப்பவர்கள் வாங்கலாம், நூலும் குண்டூசியும் உடன் வாங்கிக்கொள்ளுங்கள். தானாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குப் படத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்த பதிப்புக்காகத் திருத்தங்களை நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். இன்னொரு வகுப்புக்குப் பற்கள் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கடைசியில் கேட்டிருந்தேன். திருத்தங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘குலமரம் இல்லாமல் பற்களை விற்பதில்லை’ என்று மட்டும் பதில் வந்தது.